கோத்தகிரி ஜெராக்ஸ் கடையும் ஜட்ஜம்மா வீட்டு முகவரியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடையின் பெயரையோ கதவு எண்ணையோ எழுதப்போவதில்லை. பெயரே இல்லாமல் என்னய்யா கடை விமர்சனம் என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் போன மூன்று மாதமாக நானும் அந்தக் கடை அக்காவும் சேர்ந்து ஒருவருடைய வீட்டு முகவரியை இணையத்திலிருந்து எடுக்கப் படாத பாடு பட்டிருக்கிறோம். அந்த வேலை முடிந்த கையோடு நானே இன்னொருவர் முகவரியை ஏற்றி வைத்தால் அக்கா அடுத்த தடவை என்னை உள்ளே விடமாட்டார். கோத்தகிரி பஜாரிலிருந்து இறங்கும் சந்து ஒன்றில் இருக்கிறது, அதுவரைக்கும் சொல்லலாம். அக்கா என்கிறேனே தவிர வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் சின்னவர். ஊரே அக்கா என்கிறது, எனக்கும் அக்கா.

பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு ஒரு நீலத் துணி, உட்கார மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்று ஆடும். ஜெராக்ஸ் பக்கத்துக்கு 2 ரூபாய், கலர் 10, தமிழ் டைப்பிங் பக்கத்துக்கு 40. நம்ம ஊர் ஈரத்துக்குப் பேப்பர் நமத்துப்போய் மெஷினில் சிக்கும் இல்லையா, அதற்காக அக்கா பேப்பர் கட்டுகளை ஒரு மர அலமாரிக்குள் வைத்து உள்ளே எந்நேரமும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருக்கிறார். மலையில் ஜெராக்ஸ் கடை வைக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டிய முதல் வித்தை இதுதான் என்று அவரே சொல்லுவார். அந்தப் பல்புக்கும் கரண்ட் வேண்டுமே என்று கேட்காதீர்கள், ஐப்பசி மழையில் கரண்ட் போனால் கடையே போனமாதிரிதான், யுபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கும்.

நான் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்துச் சொச்சம் வருஷம் வழக்குக் கட்டுகளோடு வாழ்ந்தவன். நான் யாரிடம் வேலை பார்த்தேனோ அந்த அம்மா மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்று, ஊர் பிடித்துப்போய் இங்கேயே சின்னதாக ஒரு வீடு வாங்கிக் குடிவந்துவிட்டார். இன்னமும் என்னை சிரஸ்தார் என்றுதான் கூப்பிடுவார். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு அவருக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். "மேடம், நீங்க இப்ப கோத்தகிரியிலதானே இருக்கீங்க?" என்று ஒரு ஆண் குரல். பெயரையும் சொல்லியிருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேறு மாவட்டத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் தோற்றவர். திட்டவில்லை, மிரட்டவில்லை. வீட்டுப் பெயரைச் சொல்லி, அதுதானே என்று கேட்டு, "சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

போலீசில் சொல்லலாம் என்றேன். "என்ன செக்‌ஷன்ல சொல்லுவீங்க சிரஸ்தார், சும்மா கேட்டேன்னுதானே சொல்லியிருக்கார்" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "அவர விடுங்க. அவருக்கு இது எங்கிருந்து கிடைச்சுதுன்னு பாக்கணும். அவருக்குக் கிடைச்சா இன்னொருத்தருக்கும் கிடைக்கும்." அப்படித்தான் நான் இந்தக் கடைக்குப் போனேன், ஒரு ஜெராக்ஸ் கடையிடம் இதைக் கேட்கலாமா என்ற தயக்கத்தோடுதான்.

நான் போன நேரம் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தம் நடந்துகொண்டிருந்தது. 2025 நவம்பர், ஞாபகம் இருக்கும். ஊர் முழுக்க 2002, 2005 பட்டியலில் தாத்தா பெயரையும் அப்பா பெயரையும் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து வந்த பெரியவர்கள் கடை வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஆள் ஒரு பட்டியலில் போஜன், இன்னொன்றில் போசன், மூன்றாவதில் போஜா கவுடர். அக்கா சளைக்காமல் எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் போட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாளிலேயே அரசாங்கம் எதை எங்கே என்ன பெயரில் போட்டு வைத்திருக்கிறது என்பதில் அக்காவுக்கு ஒரு வாசனை பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். அதனால்தான் நான் விஷயத்தைச் சொன்னதும் ஆச்சரியப்படவே இல்லை. "சாயங்காலம் கூட்டம் போனதும் வாங்க சார்" என்றார்.

சாயங்காலம் அவர் தேடிய விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெயரை மட்டும் போடவில்லை. இனிஷியலை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, இனிஷியலை விரித்து, தமிழில், ஆங்கிலத்தில், எழுத்து மாற்றி. அப்புறம் மொபைல் எண்ணை எடுத்து, ஐந்து இலக்கத்துக்கு அப்புறம் இடைவெளி விட்டு ஒருமுறை, விடாமல் ஒருமுறை, கோடு போட்டு ஒருமுறை. "ஆபீஸ்காரங்க ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி அடிப்பாங்க சார்" என்றார். நாலாவது முறையில் வந்து விழுந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அம்மா ஒரு அரசு அலுவலகம் அமைத்த குழு ஒன்றில் உறுப்பினராக இருந்தார். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பை அப்படியே பிடிஎஃப்பாக இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள், நல்ல காரியம்தான், குழு என்ன முடிவெடுத்தது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் கடைசிப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியல். பெயர், பழைய பதவி, அதற்குப் பக்கத்திலேயே வீட்டின் பெயர், ரோடு, பின்கோடு, சொந்த மொபைல் எண், சொந்த ஈமெயில். கூட்ட அழைப்பு அனுப்புவதற்காக வாங்கி வைத்த விவரம். யாரோ ஒரு உதவியாளர் ஃபைலை முழுசாகப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிட்டார். வேண்டுமென்று செய்ததில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அந்த மாதிரி மேஜையில் உட்கார்ந்தவன்தான்.

மலையில் முகவரி மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது என்பது உண்மை. கூரியர் பையன் மூன்று தடவை போன் பண்ணி, "மேடம் தேயிலைத் தோட்டம் தாண்டி மேலயா கீழயா" என்று கேட்டுத்தான் வருவான், கதவு எண்ணை வைத்து இங்கே யாரும் வீடு கண்டுபிடித்ததில்லை. ஆனால் முகவரியோடு மொபைலும் சேர்ந்தே இருந்ததே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கூரியர் என்று சொல்லி போன் பண்ணினால் வழியை நாமே சொல்லிவிடுவோம்.

அம்மாவிடம் பிரிண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம்தான் அமெரிக்கக் கதையைச் சொன்னார். 2020 ஜூலை 19, நியூ ஜெர்சியில் எஸ்தர் சாலஸ் என்ற ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி வீட்டுக்குக் கூரியர்காரர் வேஷத்தில் ஒருவன் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். கதவைத் திறக்கப் போன இருபது வயது மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றுவிட்டான். கணவருக்கும் குண்டுக்காயம், அவர் பிழைத்தார். வந்தவன் அந்த நீதிபதியின் கோர்ட்டிலேயே ஒரு வழக்கில் ஆஜரான வக்கீல். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு கோப்பே சேர்த்து வைத்திருந்தான் என்று சாலஸ் பின்னால் வெளிப்படையாகப் பேசினார். அதே வருஷம் நவம்பரில் நியூ ஜெர்சி மாநிலம் அந்தப் பையன் பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2022 டிசம்பரில் ஃபெடரல் அளவிலும் ஒன்று வந்தது. ஃபெடரல் நீதிபதி எழுத்து மூலம் கேட்டுவிட்டால் அரசு அலுவலகங்கள் அவருடைய வீட்டு முகவரி, சொந்த போன், வண்டி எண், பிள்ளைகள் படிக்கும் பள்ளி மாதிரியான விவரங்களைப் பொதுவில் போடக்கூடாது, போட்டிருந்தால் 72 மணி நேரத்தில் எடுக்க வேண்டும். விவரங்களை வாங்கி விற்கிற தனியார்களுக்கும் தடை. நியூ ஜெர்சி சட்டத்தில் 10 வேலை நாள் அவகாசம், எடுக்காவிட்டால் ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 டாலர்.

நம்ம நாட்டில் நீதிபதிகளின் முகவரிக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1985-ல் ஒரு நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது உண்டு, பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், பதவியில் இருந்து செய்த காரியத்துக்காக அவர்கள் மேல் வழக்குப் போட முடியாது என்பதற்குத்தான் அது. கதவைத் தட்டுகிறவனுக்கு அதெல்லாம் பொருட்டா? இங்கேயும் நடக்காமல் இல்லை. 2021 ஜூலை 28 காலையில் ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத்தில் கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த் ஓட்டப் பயிற்சிக்குப் போனபோது ஒரு ஆட்டோ வேண்டுமென்றே சாலை ஓரத்துக்கு வந்து அவரை இடித்துவிட்டுப் போனது. சிசிடிவியில் பதிவாகி நாடே பார்த்தது. இரண்டு பேருக்கு 2022-ல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். வீட்டு எண் கூட வேண்டாம், எத்தனை மணிக்கு எந்த ரோட்டில் நடப்பார் என்பது தெரிந்தால் போதும். அம்மாவும் தினமும் காலையில் நடப்பவர்தான். அந்த வாரம் வழியை மாற்றிக்கொண்டார், என்னிடம் சொல்லவில்லை, பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சரி, கடைக்கு வருகிறேன். அக்கா அந்தப் பிடிஎஃப்போடு நிற்கவில்லை. வேறு எதெல்லாம் வெளியில் இருக்கிறது என்று முழுசாகப் பார்த்தார். வாக்காளர் பட்டியலில் வீட்டு எண், வயது, கணவர் பெயர் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்ல முடியாது, பட்டியலை வெளியிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் யார் பெயரை எடுத்தார்கள் யார் பெயரைச் சேர்த்தார்கள் என்று யாருக்குமே தெரியாது. நல்லவேளை தேர்தல் ஆணையம் வெளியிடுகிற பிரதியில் போட்டோ கிடையாது, எழுத்தும் தேட முடியாத படமாகத்தான் இருக்கும். தேடக்கூடிய வடிவில் கொடு என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2018-ல் கோர்ட் உத்தரவிட மறுத்துவிட்டது. அப்போது எனக்கு அது தேர்தல் ஆணையத்தின் சண்டித்தனமாகத்தான் பட்டது. இப்போது கொஞ்சம் வேறு மாதிரி படுகிறது.

அப்புறம் வில்லங்கம். பதிவுத்துறை தளத்தில் ஊரும் சர்வே எண்ணும் தெரிந்தால் யார் யாருக்கு விற்றார் என்பது காசில்லாமல் வந்துவிடும். அம்மா வீடு வாங்கிய பதிவும் வந்தது. இதையும் மறைக்கக் கேட்கலாமா என்று நான்தான் கேட்டேன். அம்மா கோபப்பட்டார். "வில்லங்கத்த மூடினா நாளைக்கு ஏமாறப் போறது யாரு? ஒரே நிலத்த மூணு பேருக்கு வித்த கேஸ் எத்தன பாத்தோம்! என் ஒரு வீட்டுக்காக அந்தக் கதவ மூடச் சொல்றீங்களா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்த இடத்தில் அம்மாவை எனக்குப் பிடித்ததற்கு வேறு காரணமும் உண்டு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 2025 மே மாதம் தங்கள் சொத்துப் பட்டியலை இணையதளத்தில் போட்டபோது, இது பத்து வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும் என்றவர் அவர். தலைமை நீதிபதி அலுவலகமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 நவம்பரில் ஐந்து பேர் அமர்வு சொன்னபோதும் அதே பேச்சுதான். சொத்து எவ்வளவு என்று ஊருக்குத் தெரியட்டும், ராத்திரி எந்த ஜன்னலில் விளக்கு எரிகிறது என்பது எதற்கு என்பார்.

என் மச்சான் ஒருவன் இருக்கிறான், எதையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டான். "ஏன் மாமா இந்தக் கூத்து? டாக்ஸி ஸ்டாண்டுல போய் ஜட்ஜம்மா வீடு எதுன்னு கேட்டா அஞ்சு பேர் வழி சொல்லுவான், ஒருத்தன் கூட்டிட்டே போயிடுவான்" என்றான். உண்மைதானே என்று எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது. கடையில் இதைச் சொன்னபோது அக்கா கீபோர்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்: "ஸ்டாண்டுல கேட்டா கேட்டவன் மூஞ்சி அஞ்சு பேருக்குத் தெரியும் சார். எந்த வண்டில வந்தான், எந்த ஊரு பேச்சு பேசினான்னு சாயங்காலத்துக்குள்ள ஜட்ஜம்மாவுக்கே சேதி போயிடும். இந்தப் பிடிஎஃப்ப யாரு பாத்தாங்கன்னு யாருக்குத் தெரியும்?" இதற்கு மேல் எந்தச் சட்டப் புத்தகத்திலும் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அதை எழுதத்தான் இந்த விமர்சனமே என்றுகூடச் சொல்லலாம்.

மனு எழுதியது ஒரு தனிக் கதை. நான் சொல்லச் சொல்ல அக்காவின் அண்ணன் மகன், தம்பி என்று கூப்பிடுவோம், அடித்தான். நன்றாக வேகமாகத்தான் அடிக்கிறான், ஒற்று மட்டும் அவன் இஷ்டத்துக்கு வரும். தகவல் உரிமைச் சட்டம் நாலாவது பிரிவில் அலுவலகங்கள் தாங்களாகவே வெளியிட வேண்டியவை பட்டியல் இருக்கிறது, குழுக்களைப் பற்றியும் இருக்கிறது, அலுவலர் விவரத் தொகுப்பும் இருக்கிறது. அதைக் காட்டித்தான் மறுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் முதலிலேயே எட்டாவது பிரிவில் ஒருவருடைய உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவலுக்கு விலக்கு உண்டு என்பதையும், பத்தாவது பிரிவின்படி வெளியிடக்கூடாத பகுதியை மட்டும் பிரித்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்பதையும் எழுதினோம். கூட்டக் குறிப்பு இருக்கட்டும், கடைசிப் பக்கத்தில் முகவரி, மொபைல், ஈமெயில் என்ற மூன்று வரிசை மட்டும் போகட்டும். அம்மாவுடையது மட்டுமல்ல, எல்லா உறுப்பினர்களுடையதும். அதில் ஒரு ஆசிரியரும் ஒரு டாக்டரும் இருந்தார்கள், அவர்களுக்கு மட்டும் ராத்திரி போன் வராதா?

மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, ஃபைலை ஈமெயிலிலும் அனுப்பினோம். மூன்றாம் நாள் அந்த அலுவலகத்திலிருந்து போன், சார் ஒண்ணுமே புரியலையே என்று. தம்பி வானவில் எழுத்துருவில் அடித்து அப்படியே அனுப்பியிருக்கிறான், அங்கே திறந்த கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை, எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலக் குப்பையாக வந்திருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடில் அடிக்கப் பழக்கு என்று நான் சொல்லி அக்கா அவனைத் திட்டி, மறுபடி அடித்து அனுப்பினோம். இதற்கு ஒரு மார்க் குறைக்கிறேன்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. முதலில் பிடிஎஃப்பையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அதைத்தான் நாங்கள் கேட்கவே இல்லை! அம்மா என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார், என் முகவரிக்காக ஒரு குழு எடுத்த முடிவே காணாமல் போவதா என்று. மறுபடி ஒரு கடிதம். அடுத்த வாரம் பிடிஎஃப் திரும்ப வந்தது, மூன்று வரிசையின் மேலும் அழகாகக் கறுப்புக் கட்டம். எனக்கு நிம்மதி. தம்பி மட்டும், "இருங்க சார்" என்று மௌஸை அந்தக் கறுப்பின் மேல் இழுத்து, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டினான். அம்மாவின் மொபைல் எண் பத்து இலக்கமும் வந்து உட்கார்ந்தது. வீட்டுப் பெயரும் வந்தது. கறுப்புக் கட்டத்தை எழுத்துக்கு மேலே வைத்திருக்கிறார்கள், எழுத்து அடியில் அப்படியே இருக்கிறது, போர்வைக்குள் ஒளிந்த குழந்தை மாதிரி. ஒற்றுப்பிழைக்காக நான் மனதில் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது.

அக்கா செய்ததைக் கேளுங்கள். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தார். பெர்மனென்ட் மார்க்கரை எடுத்து மூன்று வரிசையையும் அழுத்தி அடித்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார், அடித்த மைக்குப் பின்னால் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அதை அப்படியே ஸ்கேன் பண்ணாமல் முதலில் ஒரு ஜெராக்ஸ் போட்டார், ஜெராக்ஸில் மை கட்டியான கறுப்பாகிவிட்டது, அந்த ஜெராக்ஸைத்தான் ஸ்கேன் பண்ணினார். இப்போது அது வெறும் படம், அடியில் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷ வேலை. அந்த ஃபைலை அந்த அலுவலகத்துக்கு அனுப்பி, இதையே ஏற்றிக்கொள்ளுங்கள் என்று நானே போனில் கெஞ்சினேன், ஏற்றிவிட்டார்கள். கூகுளில் பழைய பக்கத்தின் துணுக்கு அப்புறமும் வந்துகொண்டிருந்தது, காலாவதியான பக்கத்தை நீக்கக் கேட்கும் படிவம் ஒன்று இருக்கிறது, அதையும் தம்பி நிரப்பினான், சில நாளில் போய்விட்டது. மொத்தச் செலவு டைப்பிங், பிரிண்ட், தபால் எல்லாம் சேர்த்து 640 ரூபாய். தேடியதற்கு அக்கா காசு வாங்கவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய வர்க்கி பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே 2025 நவம்பரில்தான் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவும் மாறியது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் வந்தபோது கூடவே அந்தத் திருத்தமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்னெல்லாம் பொது வேலைக்குச் சம்பந்தமில்லாத, அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுகிற தகவலுக்குத்தான் விலக்கு, அதிலும் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே விலக்கு, அவ்வளவுதான் வாசகம். பொதுநலனுக்காகக் கொடுக்கலாம் என்பது 8(2)-ல் இன்னும் இருக்கிறது, ஆனால் முப்பது வருஷம் ஆபீஸில் இருந்தவனாகச் சொல்கிறேன், மறுக்க ஒரு வரி கிடைத்தால் அடுத்த வரியை யாரும் படிக்கமாட்டார்கள். இன்னொரு வேடிக்கை, ஒரு சட்டத்தின் கட்டாயத்தின் பேரில் பொதுவில் வெளியிடப்பட்ட தனிநபர் தரவுக்கு அந்தப் புதிய சட்டம் பொருந்தாது. ஆக, கேட்கிற சாமானியனுக்குக் கதவு சாத்தியிருக்கிறது, வெளியிட்டே ஆக வேண்டும் என்று ஒரு சட்டத்தைக் காட்டி ஆபீஸ் போட்டுவிட்ட முகவரிக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது இதுதான், எதை மறைக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

அதுவும் அப்பழுக்கில்லாதது என்று நினைக்க வேண்டாம். நியூ ஜெர்சி சட்டம் நீதிபதியோடு போலீஸ்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. நியூ பிரன்ஸ்விக் என்ற ஊரின் போலீஸ் இயக்குநர் வேலை பார்க்கும் ஊரை விட்டு ரொம்ப தூரத்தில், கடலோரம் கேப் மே என்ற இடத்தில் குடியிருக்கிறார் என்று ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்தார். முகவரியை எழுதாதே என்று அவருக்கு அந்தச் சட்டத்தின் கீழ் கடிதம் போனது. முகவரியை அவருக்குக் கொடுத்ததே அரசு அலுவலகம்தான். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2025-ல் அதிகாரி பக்கம் தீர்ப்பானது, ஊர்ப் பெயரைச் சொல்லலாம், வீட்டு எண்ணும் தெருவும் கூடாது என்ற மாதிரி. அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன், "எந்த ஊர்ல இருக்கார்னு தெரியறது நியாயம், எந்தத் தெருன்னு எதுக்கு?" என்றார். எனக்கு முழுசாக ஒப்பவில்லை. ஆதாரமாக நீட்ட ஒரு முகவரி இல்லாமல் பத்திரிகைக்காரர் எப்படி நிரூபிப்பார்? இதில் எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

கடையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும், பெரிய குறையே இங்கேதான். வேலையெல்லாம் முடிந்து காசு கொடுக்கும்போது கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். திரை முழுக்க ஊர்க்காரர்களின் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக். நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு ஃபைல், "ஜட்ஜ் மேடம் அட்ரஸ் நீக்க". உள்ளே முழு முகவரியும், மூன்று பிரதி, இரண்டாவது திருத்தம், கடைசித் திருத்தம் என்று. நாற்காலியில் அடுத்து உட்கார்ந்திருந்தவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்! அக்காவிடம் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தார், குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தார். ஆனால் வாட்ஸ்அப் அந்தக் கம்ப்யூட்டரில் எந்நேரமும் திறந்தே இருக்கிறது, நாம் அனுப்புகிற எல்லாம் அதில் வரிசையாகக் கிடக்கிறது. அதற்கு அக்கா, "தெனமும் சாயங்காலம் அழிக்கிறேன் சார்" என்கிறார். தினமும் அழிப்பதாகத் தெரியவில்லை.

அப்புறம் வேஸ்ட் பேப்பர். பக்கத்து டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி நன்றாக இருக்கும், மூடுபனியில் நின்று சூடாகச் சாப்பிட அவ்வளவு சுகம். ஒரு நாள் பஜ்ஜியைத் தின்று முடித்து எண்ணெய்க் காகிதத்தைப் பார்த்தால், யாரோ ஒருவரின் சாட்சி மனு, தகப்பனார் பெயர், கதவு எண், வயது எல்லாம் எண்ணெயில் பளபளவென்று தெரிகிறது. அக்கா கடையில் சிக்கிக் கிழிந்த பேப்பர்தான். அன்றைக்கே சொன்னேன். மறுவாரம் ஒரு கிழிக்கும் மெஷின் வந்துவிட்டது, கையால் சுற்றுகிற சின்ன மெஷின், தம்பி வேலை இல்லாத நேரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறான். டீக்கடைக்காரருக்குத்தான் வருத்தம், இப்போது பழைய நியூஸ்பேப்பருக்கு மாறிவிட்டார்.

வெளியூரிலிருந்து நீலகிரிக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கடையில் இ-பாஸும் போட்டுக் கொடுக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் தொடங்கியது, 2025 ஏப்ரலில் இருந்து வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று அளவும் வைத்தார்கள். நம்ம நீலகிரிப் பதிவு டி.என். 43 வண்டிக்கு வேண்டாம். அம்மாவின் அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வரும்போது எங்கே தங்குகிறீர்கள் என்ற இடத்தில் அம்மாவின் முழு முகவரியையும், கூடவே ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி இல்லம் என்றும் பெருமையாக நிரப்பி, அந்தப் பாஸைப் படமெடுத்து "கோத்தகிரி போறோம்" என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். அரசாங்கத்தைத் திட்டி என்ன செய்ய! அக்காதான் அதைப் பார்த்து எனக்குச் சொன்னார், அரை மணி நேரத்தில் எடுக்க வைத்தோம்.

கூட்டம் இல்லாத நேரம் மதியம் இரண்டரைக்கு மேல். ஞாயிறு விடுமுறை. வில்லங்கம், பட்டா மாதிரி வேலைக்குக் காலையில் போகாதீர்கள், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். மனு அடிக்கக் கொடுத்தால் யூனிகோடில்தானே என்று கேட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பதினோரு வருஷத்து ஆள் அப்புறம் போன் பண்ணவில்லை. அம்மா மட்டும் பழைய வழிக்குத் திரும்பவில்லை, இன்னமும் சுற்றி வேறு பாதையில்தான் நடக்கிறார். எனக்கு ஓய்வூதிய நேர்காணல் ஜூனில், அப்போது மறுபடி அந்தக் கடைக்குத்தான் போவேன். திரையில் என் பெயரில் ஒரு ஃபைல் கிடக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.